மனம் ஒப்பாமல் கொடுத்த அனுமதி: ஆல்ப்ஸ் மலையில் ஒரு வழியோரச் சிற்றாலயம்



இந்தப் பேச்சின் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் கேட்டார். "சுவிட்சர்லாந்தைப் பற்றிப் பேசுவதென்றால் வங்கியைப் பற்றிப் பேசலாம், கடிகாரத்தைப் பற்றிப் பேசலாம். போயும் போயும் ஒரு குக்கிராமத்துச் சின்னக் கோயிலைப் பற்றியா ஒரு மணி நேரம் பேசப் போகிறீர்கள்?" ஆம், அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதிலும், இடிந்து போன ஒரு கோயிலையும், அதற்குப் பதிலாக எழுந்த இன்னொரு கோயிலையும் பற்றி.

ஊரின் பெயர் சோன் பெனெடெட்ச். சுவிட்சர்லாந்தின் கிழக்கே கிரௌபுண்டன் என்றொரு மாநிலம். அதில் சும்விட்ச் என்றொரு ஊராட்சி. அந்த ஊராட்சிக்கு மேலே, மலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கைப்பிடி வீடுகள்தான் சோன் பெனெடெட்ச். புனித பெனடிக்ட்டின் பெயரே ஊருக்கும் பெயர். கோயில் இருந்ததால் ஊருக்கு அந்தப் பெயர்; அந்தக் கோயிலே போய்விட்டால் ஊர் என்ன செய்யும்? என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

முதலில் ஊருக்குப் போய்ச் சேருவோம். சூரிச் நகரிலிருந்து கூர் என்ற ஊருக்கு ரயில். கூரில் இறங்கி, டிசென்டிஸ் போகும் சிவப்பு நிறச் சிறு ரயிலில் ஏற வேண்டும். ரைன் நதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜெர்மனியில் பெரிய கப்பல்கள் போகும் அந்த நதி, இங்கே இன்னும் குழந்தை. அதன் கரையோடு கரையாக ரயில் போகும். வழியில் வெள்ளை வெளேரென்று செங்குத்தான பாறைச் சுவர்கள் இரண்டு பக்கமும் எழும். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்னால் ஃபிளிம்ஸ் என்ற இடத்தில் மலையின் ஒரு பக்கமே சரிந்து பள்ளத்தாக்கை மூடிவிட்டது. அந்த இடிபாட்டை நதி அறுத்து வழி செய்துகொண்ட இடம்தான் அந்தப் பள்ளம். மலை சரியும் நாடு அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சும்விட்ச்-கும்பாடியால்ஸ் நிலையத்தில் இறங்கினால், நதிக்கு வடக்கே வெயில் விழும் சரிவில் ஏற்றம். புல்வெளி, வைக்கோல் கொட்டகை, வெயில் பட்டுப்பட்டுக் கருத்துப்போன மர வீடுகள். எதிரே வருபவர் உங்களிடம் ஜெர்மன் பேசுவார். தம் வீட்டுக்குள் ரோமான்ஷ் பேசுவார். லத்தீனின் பிள்ளைகளில் ஒன்றான அந்த மொழியைப் பேசுவோர் நாடு முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 60,000 பேர்தான். அதற்குள்ளும் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வழக்கு வேறு. எழுத்து வடிவம் மட்டும் ஐந்து. 1938 பிப்ரவரி 20 அன்று சுவிஸ் மக்கள் வாக்களித்து, ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் ஆகியவற்றோடு நான்காவது தேசிய மொழியாக அதை ஏற்றார்கள். வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் "ஆம்" என்றார்கள். பெரும்பாலும் அந்த மொழி தெரியாதவர்கள் போட்ட வாக்கு அது. ஒரு சிறிய மொழிக்காக ஒரு நாடே கை தூக்கிய கதை தனியாக ஒரு மாலைக்குரிய பேச்சு. இன்றைக்கு வேண்டாம்.

அந்த ஏற்றத்தில்தான் கோயில் இருந்தது. சிற்றாலயம் என்றால் நம் தென் மாவட்டங்களில் குருசடி என்கிறோமே, ஏறக்குறைய அந்த அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குக் கோயில் கீழே ஊரில் இருக்கும். இது வழிக்கான கோயில்.

வழிக்கு எதற்குக் கோயில்? ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் வாழ்க்கை மேலும் கீழுமாக ஓடுவது. குளிர்காலத்தில் மாடுகள் கீழே கொட்டிலில். கோடை பிறந்தால் மேய்ச்சலுக்கு மேலே, இன்னும் மேலே. புல் அறுக்க மேலே, வைக்கோலோடு கீழே. அப்படி ஏறும் பாதையில் ஓர் இடத்தில் மூச்சு வாங்க நிற்பார்கள். நிற்கும் இடத்தில் ஒரு சிலுவை நடுவார்கள். சிலுவைக்கு மேலே கூரை போடுவார்கள். பிறகு நான்கு சுவர், ஒரு மணி. திட்டமிட்டுக் கட்டிய கோயில்களை விட, கால் நின்ற இடத்தில் தானாக முளைத்த கோயில்கள் ஆல்ப்ஸில் அதிகம்.

பாதுகாப்புக்காகவும் கட்டினார்கள். பாறை உருளும் இடம், பனி சரியும் இடம், ஓடை பெருகும் இடம். எங்கே பயமோ அங்கே ஒரு புனிதர்.

சோன் பெனெடெட்ச்சுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ரயில் பாதை முடியும் டிசென்டிஸ் ஊரில் பெனடிக்ட் சபைத் துறவியரின் மடம் இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டில் வேர்விட்ட மடம். 1799-இல் பிரெஞ்சுப் படை அதைத் தீயிட்டது, மீண்டும் எழுந்தது, இன்றும் துறவிகள் இருக்கிறார்கள், பள்ளி நடத்துகிறார்கள். 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்து துறவிகளுக்கு ஒழுங்குமுறை எழுதிய பெனடிக்ட், இந்த மலைச் சரிவில் ஒரு சிற்றூரின் காவலரானது அந்த மடத்தின் வழியாகத்தான். கீழே ஊராட்சி, மேலே குக்கிராமம், பக்கத்தில் மடம்: இந்த மூன்று பேரும் நம் கதையில் வருவார்கள். அவர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போகவில்லை என்பதும் வரும்.

இப்போது, பனிச்சரிவு அந்தக் கோயிலைச் சாய்த்த 1984-க்கு வருவோம்.

பனிச்சரிவு என்றால் என்ன? நம்மில் பலர் திரைப்படத்தில்தான் பார்த்திருக்கிறோம். சரிவில் பனி ஒரே நாளில் விழுவதில்லை, அடுக்கடுக்காக விழுகிறது. ஓர் அடுக்கு இறுகியிருக்கும், அதற்குக் கீழே ஓர் அடுக்கு பொலபொலவென்று இருக்கும். மேலே பாரம் கூடும்போது நடுவில் உள்ள பலவீனமான அடுக்கு விட்டுக்கொடுக்கிறது. மேல் அடுக்கு முழுவதும் பலகையாகப் பெயர்ந்து இறங்குகிறது. பொடிப் பனி காற்றோடு கலந்து இறங்கினால் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் வரை எட்டும். 1951-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மட்டும் சுவிட்சர்லாந்தில் 98 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். இதே மாநிலத்தில் வால்ஸ் என்ற ஊரில் ஒரே சரிவில் 19 பேர்.

இந்த மக்களுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். எந்தச் சரிவு எப்போது இறங்கும், எந்த மேட்டில் வீடு கட்டலாம், எந்தக் காட்டைத் தொடவே கூடாது என்பதெல்லாம் பாட்டன் பேரனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஆண்டர்மாட் என்ற ஊரார், ஊருக்கு மேலே இருக்கும் காட்டிலிருந்து ஒரு குச்சியும் எடுக்கக் கூடாது என்று 1397-லேயே ஓலை எழுதி வைத்தார்கள். மரங்கள் நின்றால் பனி சரியத் தொடங்குவதில்லை. தொடங்கிவிட்ட பெருஞ்சரிவை மரங்களால் நிறுத்த முடியாது. ஆகவே காடு என்பது அவர்களுக்கு விறகு அல்ல, மதில். பனிச்சரிவைக் கையாளும் இந்த அறிவையே 2018-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது. கோட்டையை, கோபுரத்தை, ஆடலை, பாடலைச் சேர்ப்பார்கள். ஆபத்தைக் கணிக்கும் அறிவைச் சேர்த்தார்கள் பாருங்கள், அதை நான் ரசிக்கிறேன்.

அப்படிப்பட்ட ஊரில், ஊர் வாசலில் பரோக் பாணியில் ஒரு சிற்றாலயம் நின்றது. தலைமுறை தலைமுறையாகப் பனி விழுந்தது, பனி சரிந்தது. கோயில் நின்றது. 1984-இல் மட்டும் ஏன் போயிற்று?

கார் நிறுத்துவதற்கு ஓர் இடம் கட்டியிருந்தார்கள். அவ்வளவுதான் நண்பர்களே. கோயிலுக்குப் பக்கத்தில், சில கார்கள் நிற்க, புதிதாக ஒரு சமதளம். சரிவில் சமதளம் வேண்டுமென்றால் ஒரு பக்கம் வெட்ட வேண்டும், மறுபக்கம் நிரப்ப வேண்டும். வெட்டினார்கள், நிரப்பினார்கள். அந்த ஆண்டு பனி இறங்கியபோது, அந்தத் தளம் சாய்மேடை போலச் செயல்பட்டுப் பனியைக் கோயிலின் மேல் தூக்கி அடித்தது. கோயில் நொறுங்கிப் போனது.

யார் மேல் குற்றம் சொல்வது? காரில் வருகிறவனுக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும். கேட்டது நியாயம், கட்டியதும் நல்லெண்ணம். ஆனால் மலையின் உடம்பில் ஒரு சிறு மேட்டைக் கூட்டினால் பனி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் யோசிக்கவில்லை. மாடு ஓட்டிய காலத்தில் யோசித்திருப்பார்கள். கார் ஓட்டிய காலத்தில் யோசிக்கவில்லை. பொறியியல் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பெரிய அணை உடைந்ததை எல்லாம் பாடப் புத்தகத்தில் படிப்பீர்கள். ஒரு சின்னக் கார் நிறுத்துமிடம் ஒரு கோயிலைச் சாய்த்ததை எந்தப் புத்தகத்திலும் போட மாட்டார்கள். அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

சரி, கோயில் போயிற்று. இனி என்ன?

இங்கேதான் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். பழைமையான ஒரு கட்டடம் திடீரென்று இல்லாமல் போனால், மனிதன் முதலில் கேட்பது என்ன? "அதே போல இன்னொன்று கட்டு!" 1902 ஜூலை 14 அன்று வெனிஸ் நகரின் புனித மாற்கு மணிக்கோபுரம் பகல் வேளையில் அப்படியே உட்கார்ந்து விழுந்தது. "எப்படி இருந்ததோ அப்படியே, எங்கே இருந்ததோ அங்கேயே" என்று நகரம் முழங்கியது. 1912-இல் அதே கோபுரம் அதே இடத்தில் மீண்டும் நின்றது. சுவிட்சர்லாந்திலேயே லூசெர்ன் நகரத்து மரப்பாலம் 1993 ஆகஸ்டில் எரிந்தது. அடுத்த வசந்தத்துக்குள் பழைய வடிவத்திலேயே திறந்துவிட்டார்கள். இவையெல்லாம் தவறா? இல்லை. வெனிஸின் வானத்தில் அந்தக் கோபுரம் இல்லையென்றால் அது வெனிஸே இல்லை. லூசெர்னின் நதிக்கு அந்தப் பாலம் முகம்.

ஆனால் சோன் பெனெடெட்ச்சில் ஒரு சிக்கல். "எங்கே இருந்ததோ அங்கேயே" என்பதற்கு வழியில்லை. அந்த இடம் இனி ஆபத்தான இடம். இடம் மாறியே ஆக வேண்டும். இடம் மாறிய பிறகு பழைய உருவத்தை மட்டும் கொண்டுபோய் வேறொரு மேட்டில் நட்டால் என்ன ஆகும்? பழைய சுவர் இல்லை, பழைய ஓவியம் இல்லை, பழைய மண் இல்லை. நூற்றாண்டுகள் கழித்துப் பார்ப்பவன் அதைப் பழையது என்று நம்ப வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு நோக்கம் இருக்காது. அது மரபைக் காப்பது ஆகுமா? என் கணக்கில் ஆகாது. ஒருவர் இறந்துபோனபின் அவர் சட்டையை இன்னொருவருக்கு மாட்டிவிட்டு "அவர் இறக்கவில்லை" என்று சொல்கிற காரியம் அது.

டிசென்டிஸ் மடத்துத் தலைவரும் துறவிகளும் ஊர்ப் பங்குத் தந்தையும் இந்தக் கேள்வியை நேராகப் பார்த்தார்கள். வரப்போகும் தலைமுறைக்காக, இந்தக் காலத்தின் கோயில் ஒன்றைக் கட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள். 8-ஆம் நூற்றாண்டு மடம் புதியதைக் கேட்டது. 20-ஆம் நூற்றாண்டு ஊராட்சிதான் தயங்கியது. இதில் உங்களுக்கு வியப்பில்லையா? எனக்கு உண்டு. பல நூற்றாண்டு வாழ்ந்தவர்களுக்குப் புதியதைக் கண்டு பயமில்லை போலும்.

யாரிடம் வேலையைக் கொடுத்தார்கள்? பீட்டர் சும்தோர். 1943-இல் பாசல் நகரில் பிறந்தவர். தந்தை மரச்சாமான் செய்யும் தச்சர். மகனும் முதலில் கற்றது தச்சுத் தொழில். பாசலில் வடிவமைப்பு, நியூயார்க்கில் பிராட் நிறுவனத்தில் படிப்பு. திரும்பி வந்து கிரௌபுண்டன் மாநிலத்தின் தொல்மரபுப் பாதுகாப்புத் துறையில் பத்தாண்டு அளவில் வேலை. கிராமம் கிராமமாகப் போய்ப் பழைய வீடுகளை அளந்து பதிவு செய்த வேலை. 1979-இல் ஹால்டென்ஸ்டைன் என்ற சிற்றூரில் சொந்தப் பட்டறை தொடங்கினார். பட்டறை என்று நான் சொல்வது தெரிந்தேதான். பெரிய நகரத்துக்குப் போகவில்லை. 2009-இல் கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் விருது அந்தச் சிற்றூர்க்காரரைத் தேடி வந்தது. ஆனால் சோன் பெனெடெட்ச் வேலை அவரிடம் வந்தபோது வெளியுலகில் அவரை அறிந்தவர் மிகக் குறைவு.

பழைய வீடுகளை அளந்து அளந்து கை பழுத்த மனிதர் பழைய கோயிலை நகலெடுக்கவில்லை. இதைக் கவனியுங்கள். பழைமையை அறியாதவன் புதுமை செய்தால் அது துணிச்சல் மட்டும்தான். பழைமையை விரல் நுனியில் வைத்திருப்பவன் புதுமை செய்தால் அதற்குப் பெயர் வேறு.

முதலில் இடம். குக்கிராமத்துக்கு மேலே, மேய்ச்சல் நிலத்துக்கு ஏறும் அதே பழைய பாதையில் புதிய இடம். அதற்கு மேலே காடு, பனிச்சரிவுக்கு அரண். கோயில் இடம் மாறியது; வழி மாறவில்லை. வழியோரக் கோயில் வழியோரக் கோயிலாகவே இருந்தது. இதை விடப் பெரிய மரபுக் காப்பு வேறென்ன?

அடுத்து உருவம். தரைப்படத்தைப் பார்த்தால் ஒரு துளி. ஒரு முனை கூர்ந்து குறுகி, மறுமுனை உருண்டு அகன்றிருக்கும். அந்தக் கூர்முனையைத் தவிர மூலை என்று எதுவும் கிடையாது. சரிவில் நிற்பதால் கீழிருந்து ஏறி வருகிறவருக்கு உயரமாகத் தெரியும், மேலிருந்து இறங்கி வருகிறவருக்கு அடக்கமாகத் தெரியும். பக்கத்தில் ஏணி போல மெலிந்த மர மணிக்கூண்டு தனியாக நிற்கும்.

வெளிச்சுவர் முழுவதும் லார்ச் மரச் சில்லுகள். சிறு சிறு துண்டாகப் பிளந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏற அடுக்கியது. வண்ணம் பூசவில்லை. ஏன்? வெயிலே பூசிவிடும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெயில் பக்கம் காலப்போக்கில் பழுப்பேறிக் கருக்கும். நிழல் பக்கம் வெள்ளிச் சாம்பல் நிறமாகும். அக்கம்பக்கத்து வீடுகளும் கொட்டகைகளும் இப்படித்தான் நிறம் மாறியிருக்கின்றன. திறந்த நாளில் கோயில் பளிச்சென்று அந்நியமாக நின்றது. ஆண்டுகள் போகப்போக ஊரின் நிறத்துக்கே வந்துவிட்டது. உறவு கொண்டாட அவசரப்படவில்லை; காலத்திடம் விட்டுவிட்டார்கள்.

உள்ளே போவோம். கான்கிரீட் படி. அந்தப் படி கட்டடத்தைத் தொடுவதில்லை. கொஞ்சம் விலகி நிற்கிறது. வாசல் சிறியது. உள்ளே நுழைந்தால் மரத் தரை காலடிக்குச் சற்றே வளைந்து கொடுக்கும். சுற்றிலும் 37 மரத் தூண்கள். தூண் சுவரில் ஒட்டியிருக்காது, சுவரை விட்டு விலகி நிற்கும். தூண்களின் மேல் கைமரங்கள் எழுந்து நடுமுகட்டில் கூடும். நிமிர்ந்து பார்த்தால் கவிழ்த்துப் போட்ட தோணிக்குள் நிற்கிறோமோ என்று தோன்றும். தச்சர் மகன் கட்டிய கூரை அது. எந்த மரம் எந்த மரத்தைத் தாங்குகிறது என்பதில் ஒளிவு மறைவு கிடையாது.

இனிதான் நான் மிகவும் விரும்பும் பகுதி. வெளியே என்ன இருக்கிறது? ஆல்ப்ஸ். அந்தப் பள்ளத்தாக்கின் காட்சிக்காக மனிதர்கள் கடல் கடந்து வருகிறார்கள். உணவு விடுதிக்காரன் என்றால் ஒரு சுவரையே கண்ணாடியாக வைத்திருப்பான். சும்தோர் என்ன செய்தார்? பள்ளத்தாக்கைக் காட்டும் ஒரு சன்னலும் வைக்கவில்லை. கூரைக்குக் கீழே, தலைக்கு மிக உயரத்தில், கட்டடத்தைச் சுற்றி ஒரு வளையம் போலச் சன்னல்கள். அங்கிருந்து வெளிச்சம் மட்டும் இறங்கும். மலை தெரியாது, ஊர் தெரியாது. வானத்தின் வெளிச்சம் மட்டும். உட்சுவருக்கு வெள்ளி நிறம் பூசியிருக்கிறார்கள். மேகம் கடந்தால் சுவர் மங்கும், மேகம் விலகினால் சுவர் விழிக்கும். தூண்கள் சுவரை விட்டு விலகி நிற்பது ஏன் என்று அப்போது புரியும். அந்த இடைவெளியில்தான் வெளிச்சம் குடியிருக்கிறது.

நாள் முழுவதும் மலையைப் பார்த்தே வாழ்கிறவனுக்கு மலையைக் காட்டும் சன்னல் எதற்கு? அந்தச் சன்னல் வெளியூர்க்காரனுக்கு. இந்தக் கோயில் ஊர்க்காரனுக்கு. சுற்றுலாப் பயணிக்காக அல்லாமல், புல் அறுத்துவிட்டு இறங்கி வருகிறவனுக்காகக் கட்டிய கோயில் இது என்பதற்கு இதை விட வேறு சான்று வேண்டுமா?

ஆனால், அந்த ஊர்க்காரருக்கு அது பிடித்ததா?

பிடிக்கவில்லை! கட்டட அனுமதி கேட்டு வரைபடம் ஊராட்சிக்குப் போனது. ஊராட்சி அனுமதி கொடுத்தது. அனுமதியோடு ரோமான்ஷ் மொழியில் ஒரு குறிப்பும் எழுதி அனுப்பியது: "சென்சா பெர்ஷுவாசியூன்." மனம் ஒப்பாமல் தருகிறோம் என்பது பொருள். இதை வெளியில் சொன்னவரே சும்தோர்தான். தம் கட்டடத்தைப் பற்றி எழுதும்போது மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

கட்டடக் கலைஞர்கள் கூடும் இடங்களில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். "பாருங்கள், உலகமே புகழும் ஒரு கோயிலை அந்தப் பட்டிக்காட்டு ஊராட்சியால் புரிந்துகொள்ள முடியவில்லை" என்பார்கள். நான் அவர்களோடு சேர்ந்து சிரிக்க மாட்டேன். எண்ணிப் பாருங்கள். தாத்தா திருமணம் செய்த கோயில், பாட்டியின் இறுதி மணி அடித்த கோயில், ஒரு குளிர்காலத்தில் நொறுங்கிவிட்டது. அதற்குப் பதிலாக ஒருவர் துளி வடிவத்தில் ஒரு மரக் கூடு வரைந்து கொண்டுவந்து "இதுதான் உங்கள் கோயில்" என்கிறார். மனம் உடனே ஒப்புமா? ஒப்பியிருந்தால் அல்லவா சந்தேகப்பட வேண்டும்!

ஆனாலும் அவர்கள் தடுக்கவில்லை. இதுதான் பெரிது. தங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொன்னார்கள். பிடிக்காததற்காக வழியை மறிக்கவும் இல்லை. பிடித்தது போல நடிக்கவும் இல்லை. எத்தனை நேர்மையான அனுமதி! நம் கோப்புகளில் கையெழுத்து இருக்கும், முத்திரை இருக்கும், தேதி இருக்கும். மனம் இருந்ததா என்று எழுத ஒரு வரி இருக்காது. ஓவியருக்கும் கவிஞருக்கும் மட்டுமல்ல, ஊராட்சிக்கும் பெருந்தன்மை வேண்டும். சோன் பெனெடெட்ச் கோயிலின் பெருமையில் பாதியை நான் அந்த மனம் ஒப்பாத கையெழுத்துக்குக் கொடுப்பேன்.

1988-இல் கோயில் திறந்தது.

பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். சும்தோரின் பெயர் வளர்ந்தது. 1996-இல் அதே மாநிலத்தில், நான் முன்னே சொன்ன வால்ஸ் ஊரில், மலைக்குள் புதைந்தது போன்ற வெந்நீர்க் குளியல் மாளிகை கட்டினார். இன்னொன்றைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் கொலோன் நகருக்குத் தெற்கே வாக்கென்டோர்ஃப் என்ற சிற்றூர். அங்கே ஓர் உழவர் குடும்பம், தங்கள் வயலில் சுவிஸ் நாட்டுப் புனிதரான துறவி கிளாவுஸுக்கு ஒரு சிற்றாலயம் கட்ட வேண்டும் என்று சும்தோரை அணுகியது. 112 மரங்களைக் கூடாரம் போலச் சாய்த்து நிறுத்தினார்கள். அதைச் சுற்றி ஒரு நாளுக்கு ஓர் அடுக்கு என்று 24 அடுக்குக் கான்கிரீட்டை இடித்து இறுக்கினார்கள். உழவரும் நண்பர்களும் சேர்ந்து செய்த வேலை. 12 மீட்டர் உயரம் வந்தது. பிறகு உள்ளே இருந்த மரங்களுக்குத் தீ மூட்டி மூன்று வாரம் புகைய விட்டார்கள். மரம் கருகிப் போயிற்று; மரம் நின்ற தடம் சுவரில் கரிய வரிகளாக நின்றுவிட்டது. கூரை இல்லை. மழை உள்ளே விழும். 2007-இல் திறந்தது.

அங்கே வயல் நடுவில் கான்கிரீட், இங்கே மலைச் சரிவில் மரம். ஒரே மனிதர்தான் கட்டினார். ஆனால் ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் வைக்க முடியாது. வாக்கென்டோர்ஃப் வயலில் பழைய கோயில் எதுவும் இருக்கவில்லை; யாருக்கும் எதையும் ஈடு செய்ய வேண்டியதில்லை. ஆகவே அங்கே அவர் தனிமையைக் கட்டினார். சோன் பெனெடெட்ச்சில் ஓர் ஊரின் இழப்பு முன்னால் நின்றது. ஆகவே இங்கே அந்த ஊருக்குத் தெரிந்த மரம், தெரிந்த தச்சு, தெரிந்த வெயில். வடிவம் மட்டும்தான் புதிது.

இன்று அந்தக் கோயிலைப் பார்க்க உலகின் எல்லாப் பக்கத்திலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். படம் எடுக்கிறார்கள், அளக்கிறார்கள், தூணைத் தடவிப் பார்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. வருகிறவர்கள் எல்லாரும் காரில் வந்தால்? ஒரு கார் நிறுத்துமிடம் சாய்த்த கோயிலுக்குப் பதிலாக எழுந்த கோயில், தன் புகழாலேயே இன்னொரு கார் நிறுத்துமிடத்தை அழைத்துக்கொண்டு வந்தால் என்ன செய்வது? உங்களில் யாராவது என்றைக்காவது அங்கே போனால் தயவுசெய்து ரயிலில் போய் இறங்குங்கள். பழைய பாதையில் நடந்து ஏறுங்கள். மூச்சு வாங்கினால் நல்லது. அந்தக் கோயில் மூச்சு வாங்குகிறவருக்காகக் கட்டியது.

பராமரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழுதானதை ஊரே சரிசெய்யக்கூடிய பொருளில் கட்டியது இந்தக் கோயிலின் கெட்டிக்காரத்தனம். வெயில் பக்கத்துச் சில்லு சீக்கிரம் தேயும். தேய்ந்ததை எடுத்துவிட்டு அதே மரத்தில் புதிதாகப் பிளந்து வைக்கலாம். வெளிநாட்டு நிபுணரும் வேண்டாம், தனி இயந்திரமும் வேண்டாம். புதிய சில்லு வெளிறி நிற்கும். பிறகு அதுவும் கருக்கும். நாம் கண்ணாடியும் அலுமினியமும் போர்த்திக் கட்டுகிற கட்டடங்களில் ஒரு பலகை பெயர்ந்தால் அதைச் செய்த நிறுவனமே இருக்குமோ இருக்காதோ! மாணவர்கள் இதை உங்கள் அடுத்த வரைபடத்தில் யோசியுங்கள். ஊர்த் தச்சருக்கும் ஊர்க் கொத்தனாருக்கும் கை போடத் தெரியாத ஒன்றை ஊரில் கட்டலாமா?

நேரம் ஆகிவிட்டது என்று அவைத் தலைவர் மணியைப் பார்க்கிறார். சோன் பெனெடெட்ச்சின் தரைப்படத்தையும் வெட்டுப்படத்தையும் பெரிதாக நகலெடுத்துப் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தேநீர் குடித்துக்கொண்டே 37 தூண்களையும் எண்ணிப் பாருங்கள். கணக்கு இடித்தால் என்னைப் பிடித்துக் கேளுங்கள். பழைய கோயிலையே திரும்பக் கட்டியிருக்க வேண்டும் என்று நினைப்பவர்களும் இங்கே இருப்பீர்கள். முதல் கேள்வியை அவர்கள்தான் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.